புருவங்களுக்கு நடுவே ஒரு கோடு

“ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருக்காங்களாம். அந்தப் பொண்ணு எதிர்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்குதாம். பதினோரு நாளா மாடியில இதுதான் வேலை,” என்று கீழே இஸ்திரி வண்டிக்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மணிமொழி மாடிப்படியின் பாதியில், சாயப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றுவதற்காக நின்றிருந்தாள். “இதுக்குன்னு காலேஜு வேற இருக்குதாமே,” என்றது கேட்டுக்கொண்டிருந்த பெண்குரல். மணிமொழிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவள் பார்க்கிறாள், அவ்வளவுதான் நடக்கிறது. அந்த இரண்டு பேரில் ஒருவர் சும்மா உட்காருவதில்லை, பேசுகிறார் என்பதும், அவர் பேசப் பேச அவள் வரைந்ததை அவளே வழித்து எறிகிறாள் என்பதும் மட்டும் இஸ்திரிக்காரருக்குத் தெரியாது. பதினோரு நாளில் ஆறு முகம். முருகனுக்காவது ஆறும் ஒரே சமயத்தில் இருக்கும். இங்கே ஒன்று வந்தால் முந்தையது போய்விடும், கந்தல் துணியில் மஞ்சளும் காவியுமாக. ஆறும் ஒரே ஆளின் முகம், அந்த வீட்டு அம்மாவின் முகம். அவர் கணவரான சாருடைய முகம் முதல் நாளே முடிந்துவிட்டது, அவருக்கும் பிடித்துவிட்டது, அதில் அவர் ஒரு சொல் சொன்னதில்லை. நேற்று வரைந்தது ஏழாவது. அதை அவர் இன்னும் பார்க்கவில்லை. இன்று பார்ப்பார். நாலு மணிக்குப் பதிப்பகத்திலிருந்து ஆள் வந்து படத்தை எடுத்துப் போவார். நடுவில் இருக்கிற ஐந்தரை மணி நேரத்தில் அந்த ஏழாவது முகம் பிழைக்குமா என்பதுதான் கேள்வி, அது பிழைக்க வேண்டுமானால் அவள் வாயைத் திறந்து ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும், அதை நினைத்ததுமே பழைய பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வந்தது, வருகைப் பதிவில் பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன்’ என்று சொல்லக் குரல் வராமல் பாதி நாள் வராதவளாகவே போன பள்ளிக்கூடம்.

மாடி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிவநேசன் சாரின் குரல் வந்துவிட்டது. அந்த வீட்டில் ஆளுக்கு முன்னால் குரல்தான் வரும். “வாம்மா மணி, இன்னைக்கு முடிச்சிருவல்ல? முடிச்சிருவ,” என்றார். எப்போதும் இப்படித்தான். கேள்வியும் அவர்தான், மூச்சு விடுவதற்குள் பதிலும் அவர்தான். காப்பி குடிக்கிறியா, குடிச்சிட்டுத்தான் வந்திருப்ப. வெயில் ஜாஸ்தியா, ஜாஸ்திதான். முதல் நாள் மணிமொழிக்கு இது பெரிய நிம்மதியாக இருந்தது, பேசவே வேண்டியதில்லாத வீடு. இரண்டாம் நாள் பழகிவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து, பதில் சொல்ல வாயெடுத்து வாயெடுத்து மூடியதில் தாடை வலித்தது. சாரும் அமிர்தவல்லி அம்மாவும் அதற்குள் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். கைவைத்த பழைய தேக்கு நாற்காலிகள், ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டவை. அவர் பெயரின் வாலையும் இவர் பெயரின் வாலையும் சேர்த்தால் ‘வல்லிநேசன்’. நாற்பது வருஷமாகப் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கும் மாத நாவல்களின் வல்லிநேசன். மணிமொழியின் அம்மா ரேஷன் வரிசையில் நின்றுகொண்டே படித்து முடித்துவிடுவாள். வல்லிநேசன் மீசை வைத்த ஒற்றை ஆள் என்று இந்த மாதம்வரை நம்பிக்கொண்டிருந்தாள். நாற்பதாம் வருஷத் தொகுப்புக்கு அட்டையில் இரண்டு பேரையும் போடுவது என்று முடிவானபோது, போட்டோ வேண்டாம், ரேஷன் கார்டு மாதிரி இருக்கும், யாராவது கையால் வரையட்டும் என்று சார்தான் சொன்னாராம். முதல் நாள் தங்கள் வேலை எப்படி நடக்கும் என்று பெருமையாக விவரித்தார். அவர் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு சொல்லிக்கொண்டே போவார், அம்மா எழுதிக்கொண்டே போவார். எங்கே முடிப்பது என்று அவருக்குத் தெரியாது. அம்மாவுக்குப் போதும் என்று தோன்றும் இடத்தில் ‘முற்றும்’ என்று எழுதிப் பேனாவை மூடிவிடுவார். அதற்குப் பிறகு சார் ஒரு வார்த்தை பேச மாட்டார். நூற்றுப் பன்னிரண்டு நாவலில் ஒரு தடவைகூட மீறியதில்லையாம். “ஒரு கதையில கொலைகாரன் யாருன்னே நான் இன்னும் சொல்லல. இவ முற்றும் போட்டுட்டா. அப்படியே அச்சாச்சு. அதுக்குத்தான் லெட்டர் கொட்டுச்சு,” என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது, அந்த வேப்பமரத்தில். இல்லை, அதற்கும் முன்னால், நாற்காலியில். யார் எந்தப் பக்கம் என்று மணிமொழி கேட்கவே இல்லை, கேட்கிற தைரியம் எங்கே இருந்தது. அம்மாவாகத்தான், “மனைவின்னா இடப்பக்கம்தானே,” என்று சொல்லி சாரின் இடப்பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். “நீ எப்பலேர்ந்து இதெல்லாம் பாக்க ஆரம்பிச்ச? தாலிக்கே முகூர்த்தம் பாக்காத ஆளு,” என்றார் சார். அம்மா வலது கையை சாரின் நாற்காலிக் கையின் மேல் வைத்துக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கத்து ஜன்னலை நோக்கித் திருப்பினார். அவ்வளவுதான். அந்த முகத்தில் என்ன வந்து இறங்கியது என்று மணிமொழிக்கு இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்து, பயணச்சீட்டும் வாங்கியாகி, இறங்குகிற ஊருக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று தெரிந்த ஒரு பெண்ணுக்கு வருகிற முகம். உதடு லேசாகத் தளர்ந்திருந்தது. அதை நாலாம் நாள் பிடித்துவிட்டாள். பிடித்துவிட்டோம் என்று கைக்குத் தெரிந்தது. சார் எழுந்து வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். “இது வல்லி இல்லையேம்மா,” என்றார். “நான் பேசும்போது இவ புருவத்துக்கு நடுவுல ஒரு கோடு விழும். கூர்ந்து கேப்பா. அந்தக் கோடுதான் வல்லி. அந்தக் கோடு எங்க? காணோம்.” அப்போது சொல்லியிருக்க வேண்டும். சார், கோடு அங்கே இல்லை, நீங்களே திரும்பிப் பாருங்கள், நாலு நாளாகப் பேசுகிறீர்கள், ஒரு நிமிஷம்கூட அந்தக் கோடு விழவில்லை என்று. பதினைந்து சொல்தான். அதற்குப் பதிலாக அவள் என்ன செய்தாள், “சரி சார்,” என்றாள். கத்தியை எடுத்து அந்த முகத்தை வழித்தாள். ஈரச் சாயம் வெண்ணெய் மாதிரி வந்தது. சரி சார். வாழ்நாளில் அதிகம் சொன்ன இரண்டு சொல் இதுவாகத்தான் இருக்கும், இனிஷியலுக்கு அடுத்தபடியாக. பிறகு அவர் கேட்ட கோட்டை வைத்தாள். இல்லாத கோட்டை வைத்தால் அது கோடாக இருக்குமா, தலைவலி மாதிரி இருந்தது. அவருக்கே பிடிக்கவில்லை. “கோடு இருக்கு, ஆனா கேக்குற மாதிரி இல்ல.” அழி. அடுத்தது சந்தேகப்படுகிற மாதிரி. அழி. அடுத்தது கண் தெரியாத மாதிரி. நடு நடுவே, கையில பேனா கொடு, வேண்டாம் எடுத்துடு, பின்னால புத்தக அலமாரி வை, வேண்டாம், டாக்டர் ரூம் மாதிரி இருக்கு. கான்வாஸின் அந்த இடம் மட்டும் வழித்து வழித்து நெசவு தெரிய ஆரம்பித்துவிட்டது. கல்லூரியில் ஒரு வாத்தியார், கையெழுத்துப் போட்ட பிறகு படத்தைத் தொடாதே, கையெழுத்துப் போடுகிறவரை பயப்படு, அதற்கு அப்புறம் பயப்படாதே என்பார். இவள் பயத்தோடேயே பிறந்தவள், கையெழுத்தை நினைத்தே பார்த்ததில்லை. ஆனாலும் வலது மூலையில் தன் பெயருக்கு மூன்று விரல் அகலம் இடம் விட்டு வைத்திருந்தாள். அவளுடைய அம்மா தினமும் போனில், “அந்தப் படம் ஆச்சா? ஆகலேன்னா பரவால்ல, திங்கக்கிழமை பேங்க் கோச்சிங் ஆரம்பிக்குது,” என்கிறாள். படம் ஆகாமல் இருப்பது அம்மாவுக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அட்டையில் பெயர் வந்துவிட்டால் கோச்சிங் போய்விடும்.

எட்டாம் நாள் பஸ் சீக்கிரம் வந்துவிட்டதால் அரை மணி முன்னால் வந்தாள். உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது. கூப்பிடக் கூச்சப்பட்டுக் கதவோரம் நின்றாள். மேஜையில் அம்மா எழுதிக்கொண்டிருந்தார். சாரின் ஈஸிசேர் அவருடைய இடது பக்கத்தில் இருந்தது. அம்மாவின் தலை இடப்பக்கம் சாய்ந்து, தாள் மேல் பேனா ஓட, புருவத்துக்கு நடுவே, கத்தியால் கீறின மாதிரி, அந்தக் கோடு. சார் பொய் சொல்லவில்லை. கோடு இருக்கிறது. அப்படியானால் நாற்காலிக்கு வரும்போது அது எங்கே போகிறது? அன்று உட்கார்ந்த பிறகு அவள் படத்தைப் பார்ப்பதை விட்டு இரண்டு பேரையும் பார்த்தாள். “வல்லி, மோர் குடிக்கிறியா? இப்ப வேண்டாம்,” என்றார் சார். அம்மா திரும்பவில்லை. “வல்லி, அந்த வக்கீல் பேரு என்ன, சதாசிவம்.” திரும்பவில்லை. சாரின் முழங்கை பட்டு அம்மாவின் வலப்பக்கம், நாற்காலிகளுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலிலிருந்து எவர்சில்வர் தம்ளர் தரையில் விழுந்து உருண்டது. மணிமொழியே துள்ளிவிட்டாள். அம்மா வேப்பமரத்துக் காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இஸ்திரிக்காரர் மெல்ல இருமியதற்கு மட்டும் கண் அந்தப் பக்கம் போனது. வலது காது கேட்காது. மேஜையில் நல்ல காதை அவருக்குக் கொடுக்கிறார், இங்கே கேட்காத காதைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கமாம், மனைவியாம், சாஸ்திரமாம். கேள்விக்குப் பதிலையும் அவரே சொல்லிவிடுகிற மனிதருக்கு, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கவில்லை என்பது நாற்பது வருஷமானாலும் எப்படித் தெரியும்? மணிமொழிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு ஒரு ஆத்திரமும் வந்தது. தன்னை இப்படி நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களே என்று. இவர் இல்லாத கோட்டைக் கேட்கிறார், அவர் இருக்கிற காரணத்தைச் சொல்வதில்லை, இரண்டுக்கும் நடுவில் துணியும் கத்தியுமாக இவள். அன்றிலிருந்து அம்மாவிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கமாகப் போய்க் கேட்டாள். மூன்றாவது தடவை, சார் போனில் இருந்தபோது, அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “நீ ஒருத்திதான் கண்ணு இந்தப் பக்கம் வந்து பேசற,” என்றார். பிறகு தாழ்ந்த குரலில், “டைபாய்டு காய்ச்சல்ல போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி. சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்புறம், ஒரு காது எனக்குன்னு இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன்.” போன் வைக்கிற சத்தம் கேட்டது. அம்மா கையை விட்டுவிட்டார்.

ஆகவே சொல்லவும் முடியாது. ஐயோ, முன்னால் சொல்லாதது பயத்தால். இப்போது சொல்லாமல் இருக்க நல்ல காரணமே கிடைத்துவிட்டது, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மௌனம்தான், அதே ‘சரி சார்’தான். நேற்று சார் ஏதோ திருமணத்துக்குப் போய்விட்டார். அம்மா மட்டும் உட்கார்ந்தார். நல்லதாகப் போயிற்று, இனித் தடுக்க ஆளில்லை, அந்த நாலாம் நாள் முகத்தை நிம்மதியாக வைத்துவிடலாம் என்று நினைத்தாள். முகம் வரவில்லை. அம்மா காலி நாற்காலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அதன் கைமேல் வைத்த கையை எடுத்தார், வைத்தார், மடியில் போட்டுக்கொண்டார். புருவத்துக்கு நடுவே வேறு ஏதோ ஒரு கோடு விழுந்தது. “என்னம்மா?” என்றாள் மணிமொழி ஜன்னல் பக்கமாகப் போய். “ஒண்ணுமில்ல கண்ணு. இவர் பேசினா இந்தக் கட்டை அதிரும். கைக்கு வரும். பழகிடுச்சு,” என்றார் அம்மா. மணிமொழி படம் வைத்திருந்த ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்து, தான் வரைந்திருந்த அந்தக் கையைப் பார்த்தாள். காதுக்கு வேண்டாம், கைக்கு வேண்டும். பத்து நாளாக அந்தக் கையை, நாற்காலி மேல் கிடக்கிற கை என்றுதான் வரைந்திருக்கிறாள். நேற்று மதியம்வரை, எதிரில் இருந்த முகத்தைப் பார்க்காமல், நினைவில் இருந்த முகத்தை வைத்து வரைந்தாள். பிறகு அந்தக் கையையும் திருத்தினாள், விரல்களைக் கொஞ்சம் அழுத்தி. மேலே படாமல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டுப் போனாள்.

அந்தத் துணியைத்தான் இப்போது எடுக்க வேண்டும். எடுக்காமல் அவள் டர்பென்டைன் பாட்டிலைத் திறந்தாள், மூடினாள், பிரஷ்களைப் பெரியது சிறியது என்று அடுக்கினாள். மணி பதினொன்றேகால். சார் பேசிக்கொண்டிருந்தார். நேற்றுக் கல்யாணத்தில் ரசத்தில் உப்பு இல்லை. மாப்பிள்ளை ஊமைக்கோட்டான் மாதிரி இருந்தான். அடுத்த நாவலில் அவனை ஒரு விஷம் வைக்கிறவனாகப் போடலாம். ‘வைக்கலாமா வல்லி, வைக்கலாம்.’ அம்மாவின் கை நாற்காலிக் கைமேல் இருந்தது. முகம் வந்துவிட்டது. அவர் பேச ஆரம்பித்த இரண்டு நிமிஷத்தில் வந்து இறங்கிவிட்டது, ஜன்னலோர இடம், இன்னும் இரண்டு மணி நேரம். மணிமொழி துணியை எடுத்தாள். படமும் எதிரில் இருப்பவர்களும் ஒன்றாக இருந்தார்கள். ஒரு கணம், யாரும் எழுந்து வராத ஒரு கணம், அவளுக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. சார் எழுந்து வந்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. டர்பென்டைன் வாடைக்கு மேல் அவருடைய வெற்றிலை வாடை. அவர் பார்ப்பதை இவள் பார்க்காமல், தரையில் சிந்தியிருந்த ஒரு சொட்டு நீலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “என் கை நல்லா வந்திருக்கு,” என்றார். “வல்லி கைகூட. இது முன்ன இப்படி இல்ல. ஆனா மூஞ்சி பழையபடி ஆயிடுச்சேம்மா. மறுபடியும் எங்கயோ போயிட்டா பாரு. கோடு மறந்துட்டியா? மறந்துட்ட. பரவால்ல, டயம் இருக்கு. சின்னக் கோடுதானே, இப்ப போட்டுரு.” மெல்லிய பிரஷ்ஷை அவரே எடுத்து, காவியில் தொட்டு, அவள் கையில் கொடுத்தார். கை வாங்கிக்கொண்டது. கைக்கு வெட்கமே இல்லை, யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறது. பிரஷ் கான்வாஸுக்கு ஒரு அங்குலம் தள்ளி நின்றது. புருவங்களுக்கு நடுவே அந்தச் சின்ன இடம் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. ஒரே இழுப்பு. இழுத்துவிட்டால் நாலு மணிக்கு ஆள் வருவார், அட்டையில் பெயர் வரும், கோச்சிங் இல்லை, எல்லாருக்கும் நல்லது. கேட்கிற முகமாக ஆகிவிடும், நூற்றுப் பன்னிரண்டு நாவல் முழுக்கக் கேட்ட முகம். இந்த ஒரு படத்தில் மட்டும் கேட்காமல் இருந்தால் என்ன, யாருக்கு என்ன. “வேண்டாம் சார்,” என்றாள்.

குரல் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் போதுமான அளவு வரவில்லை. “என்னம்மா, வெளிச்சம் பத்தலயா? பத்தாதுதான், ஜன்னலை நல்லாத் திறக்கணும்,” என்று சார் ஜன்னலை நோக்கி நடந்தார். நடந்துகொண்டே சொன்னார், கோடு ரொம்பக் கறுப்பாக வேண்டாம், மூக்கை நோக்கிக் கொஞ்சம் சாய்த்து, பதினேழாவது நாவல் சொல்லும்போது அவளுக்கு விழுந்த மாதிரி. “வேண்டாம் சார். போட மாட்டேன்,” என்றாள் மணிமொழி. முன்னைவிடச் சத்தமாகத்தான் சொன்னாள். அவள் காதே சூடாகிவிட்டது. “மாட்டேன்னா சாயம் ஒட்டாதுன்னா சொல்ற? ஈரமா இருக்குல்ல, ஒட்டாது. ஒரு பத்து நிமிஷம் காய விடு. அப்படியே அந்த உதட்டையும் கொஞ்சம் மூடிரு, ஏதோ பராக்குப் பாக்குற மாதிரி இருக்கு.” ஜன்னல் கதவு திறந்து கொண்டியில் மாட்டிக்கொண்டது. கீழே இஸ்திரிப் பெட்டியில் கரி பொரிந்தது. மணிமொழிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துக்கத்தால் அல்ல, சுவரில் முட்டிக்கொண்டால் வருமே அந்த நீர். வாழ்க்கையில் முதல் தடவையாக மாட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கிறாள், அதை ஒருவர் சாயம் ஒட்டாது என்று மொழிபெயர்த்துக் கொண்டுவிட்டார். இன்னும் என்ன செய்வது, எழுதியா காட்டுவது?

நாற்காலி தரையில் உரசியது. அமிர்தவல்லி அம்மா எழுந்திருந்தார். பதினோரு நாளும் அவர் படத்தின் பக்கம் வந்ததில்லை. முடிஞ்சதும் பாக்கறேன் கண்ணு என்பார். இப்போது மெதுவாக நடந்து ஸ்டாண்டைச் சுற்றிவந்து, மணிமொழி தன் இடப்பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டு, பார்த்தார். முகத்தைப் பார்த்தார். அதைவிட அதிக நேரம் நாற்காலிக் கைமேல் இருந்த கையைப் பார்த்தார். “கீழ இஸ்திரிக்காரர் சொன்னது கேட்டுச்சா? பாத்துக்கிட்டே நிக்குதாம்,” என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். சார் ஜன்னலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். “நல்லவேளை வல்லி, நீயே வந்துட்ட. நீயே சொல்லு, இது உன் மூஞ்சியா? இல்ல. அந்தக் கோடு இல்லாம இது யாரோ மாதிரி இருக்குல்ல? இருக்கு. மணி, இப்ப நீ என்ன பண்ற, முதல்ல அந்த உதட்ட…”

அம்மா மணிமொழியின் விரல்களிலிருந்து பிரஷ்ஷை எடுத்தார். அதில் இருந்த காவி போதுமா என்று பார்த்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார். வலது மூலையில் விட்டிருந்த மூன்று விரல் இடத்தைத் தொடாமல், இடது மூலையில், படத்தில் சாரின் பாதத்துக்குக் கீழே, நாவலின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிற அதே சின்ன எழுத்தில், ‘முற்றும்’ என்று எழுதினார். கடைசிப் புள்ளியை வைத்துவிட்டுப் பிரஷ்ஷை மணிமொழியிடம் திருப்பிக் கொடுத்தார்.